வயல் மடைக்குள், மடை கண்மாய்க்குள், கண்மாய் ஆற்றுக்குள்

மதுரைப் பகுதி விவசாயிகளுக்கு "சிஸ்டம்" என்ற சொல் புதியதன்று. பெரியாற்றுக் கால்வாயிலிருந்தோ ஆற்றின் அணைக்கட்டிலிருந்தோ தண்ணீர் பெறும் கண்மாயைப் பொதுப்பணித் துறையார் "சிஸ்டம் டேங்க்" என்றும், மழைநீர் ஓடையை மட்டும் நம்பியிருக்கும் கண்மாயை "நான் சிஸ்டம் டேங்க்" என்றும் நெடுங்காலமாகக் குறித்து வந்துள்ளனர். தமிழில் இதை அமைப்பு எனலாம். பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து நின்று ஒரு காரியத்தை நடத்துமானால் அது ஓர் அமைப்பு. ஆனால் எந்த அமைப்பும் தனித்து நிற்பதில்லை. அது தன்னைவிடப் பெரிய ஓர் அமைப்புக்குள் அடங்கியிருக்கும். தன்னைவிடச் சிறிய பலவற்றைத் தனக்குள் அடக்கியுமிருக்கும். இந்த உண்மை ஏட்டில் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். வயலில் தண்ணீர் வற்றும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது.

மேலூர்ப் பகுதியில் கடைமடையில் முக்கால் ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். நடவு முடிந்து ஐம்பது நாளாகிறது. பயிர் பொதி கட்டும் பருவத்தை நெருங்குகிறது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. ஊர்க் கண்மாயிலும் தண்ணீர் கிடக்கிறது. ஆனால் அவர் வயல் வெடித்துக் கிடக்கிறது. பழுது எங்கே? வயலிலா, மடையிலா, கண்மாயிலா, கால்வாயிலா? இதைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் அவர் செய்யும் எந்தச் செலவும் வீண் செலவாகவே முடியும். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டுப் பணத்தை இழந்தவர்கள் பலர் இப்படித்தான் இழந்திருக்கிறார்கள்.

எத்தனை அடுக்கு?

மேலிருந்து தொடங்கிப் பார்ப்பது நல்லது. மேற்கே கேரளம் நோக்கி ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. பென்னிகுக் என்ற பொறியாளரின் பெயரை அறியாத விவசாயி இப்பகுதியில் இல்லை. சுரங்கத்தின் வழியே இறங்கும் அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலத்துக்குப் பாய்ந்து, சுருளியாற்றின் வழியே வைகையைச் சேருகிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை அதைத் தேக்கி வைக்கிறது. கீழே அணைப்பட்டியை அடுத்த பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரையுள்ள ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். திருமங்கலம் பிரதானக் கால்வாயின் கீழ் மேலும் 19,439 ஏக்கர்.

வைகையின் சொந்த நீருக்குத் தனிப் பங்கீடு உண்டு. ராமநாதபுரத்துக்கு ஏழு பங்கு, சிவகங்கைக்கு மூன்று பங்கு, மதுரைக்கு இரண்டு பங்கு என்பது அந்தக் கணக்கு. வருசநாட்டு மலையில் தொடங்கும் வைகை, வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அநேகமாகத் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. மிச்சமிருந்தால்தான் கடலுக்கு.

இது பெரிய அமைப்பு. இதற்குள் கால்வாய். கால்வாய்க்குள் கிளைக்கால். கிளைக்காலின் கீழ் கண்மாய்கள். அவையும் தனித்தனியாக அல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்த கண்மாய்க்கு. இதைக் கண்மாய்த் தொடர் என்கிறோம். இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதே முறை உண்டு; சிங்களத்தில் "எல்லங்காவ" என்பார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் அதனைப் பேணத்தக்க மரபு வேளாண்மை முறையாக அங்கீகரித்துள்ளது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றைத் தனித்தனி என்று எண்ணுவதைவிட, தொடர்தொடராக எண்ணுவதே சரியாக இருக்கும்.

ஒரு கண்மாய்க்குள் பல மடைகள். மேட்டு மடை, பள்ள மடை என்று அவற்றுக்கும் தரம் உண்டு. கண்மாயில் நீர் குறைந்தால் மேட்டு மடை முதலில் நின்றுவிடும். பள்ள மடை கடைசிவரை ஓடும். ஒவ்வொரு மடைக்கும் ஒரு வாய்க்கால். அதில் தலைமடை, நடுமடை, கடைமடை. கடைசியாக வயலும் வரப்பும். முக்கால் ஏக்கர்க்காரர் இந்த ஏணியின் கடைசிப் படியில் நிற்கிறார்.

ஒரு சிறு கணக்கு

அடுக்குகள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். இருபோகப் பகுதியின் முதல் போகத்துக்கு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 120 நாள் தண்ணீர் விடப்படுகிறது. வினாடிக்கு 900 கன அடி வீதம் 45 நாள் தொடர்ச்சியாகவும், பிறகு 75 நாள் முறை வைத்தும் விடுவது வழக்கம். 45,041 ஏக்கரை 900-ஆல் வகுத்தால், ஒரு கன அடிக்கு 50 ஏக்கர் வருகிறது. வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் அது 86,400 கன அடி, அதாவது சுமார் 24 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த 2 லட்சம் லிட்டர் தேவை. ஆகவே ஒரு நாளில் 12 ஏக்கருக்குப் பாயும். ஐம்பது ஏக்கரையும் சுற்றிவர நான்கு நாள் ஆகும்.

இது வழியில் ஒரு சொட்டும் வீணாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு. முறை வைத்து விடத் தொடங்கியதும் இந்த நான்கு நாள் சராசரியாக எட்டு நாளாகிறது. வாய்க்காலில் கசிவு, உடைப்பு, தலைமடையில் வரம்புமீறிய பாய்ச்சல் ஆகியவற்றையும் சேர்த்தால், கடைமடைக்கு அது பத்து நாளோ பன்னிரண்டு நாளோ ஆகிவிடும். நெற்பயிர் பூக்கும் தருணத்தில் அத்தனை நாள் காத்திருக்காது.

இப்போது கணக்கைத் திருப்பிப் பார்ப்போம். வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டும் என்பது தேவையில்லை. கட்டிய நீர் மறைந்து ஒரு நாள் கழித்து 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சும் முறையும் உண்டு. நடவு செய்த முதல் சில நாட்களிலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிப் பயிர்க்காலத்தில் ஒரே ஒரு பாய்ச்சலை மிச்சப்படுத்தினால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் மிச்சம். நூற்று நாற்பது ஏக்கரில் அதைச் செய்தால் ஒரு மில்லியன் கன அடி. அணையின் நீரிருப்பைச் செய்தித்தாளில் மில்லியன் கன அடியில் போடுகிறார்களே, அந்த அளவில் ஒன்று.

ஆனால் தலைமடைக்காரர் மிச்சப்படுத்தும் அந்த 2 லட்சம் லிட்டர் தானாகக் கடைமடைக்குப் போய்விடாது. மடையை நேரத்தில் அடைக்க ஆள் இருக்கவேண்டும். வாய்க்கால் சுத்தமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது வடிகாலில் போய்ச் சேரும். கீழ் அடுக்கில் செய்த சிக்கனம் மேல் அடுக்கின் ஒழுங்கு இல்லாமல் யாருக்கும் பயன்படுவதில்லை. சிக்கனம் செய்யச் சொல்லும் பிரசாரங்கள் பல இந்த இடத்தைப் பேசாமல் விட்டுவிடுகின்றன.

இடையில் கண்மாய் எதற்கு?

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கடிகாரம் செய்யும் இருவரைப் பற்றிய கதை ஒன்றைச் சொன்னார். (பின்னர் 1978-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.) ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஆயிரம் உறுப்புகள். ஒருவர் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் பூட்டுவார். நடுவில் யாராவது கூப்பிட்டு வேலையைக் கீழே வைத்தால் அத்தனையும் கழன்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். மற்றவர் பத்துப் பத்தாகப் பூட்டித் தனித்தனியே வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை இணைப்பார். கூப்பிட்டால் கையிலுள்ள ஒரு பத்து மட்டும்தான் போகும். இரண்டாமவர் தொழில் செழித்தது. முதலாமவர் கடையை மூடினார்.

மேலூர்ப் பக்கத்து ஒருபோக நிலங்களின் நிலையும் இதுதான். அத்தனை ஆயிரம் ஏக்கரும் நேரடியாகக் கால்வாயை மட்டும் நம்பியிருந்தால், பேரணையில் ஒரு வாரம் தண்ணீர் நின்றாலும் எல்லா வயலும் சேர்ந்தே வாடும். நடுவில் கண்மாய்கள் இருப்பதால் கால்வாய் நின்றாலும் கண்மாய் பத்துப் பதினைந்து நாள் தாங்கும். அதற்குள் ஒரு மழை வரலாம். மதுரையின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அந்த மழையைப் பிடித்துவைக்கும் பாத்திரமும் கண்மாய்தான். பெரியாற்றுத் தண்ணீர் வருமுன்பே இங்கே கண்மாய்கள் இருந்தன. கால்வாய் வெட்டியவர்கள் அவற்றைத் தூர்க்காமல் தங்கள் அமைப்புக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அது அறிவுடைய செயல்.

ஒரு கண்மாய்க்கு இரண்டு முகம் உண்டு. கீழே வயல்களைப் பார்க்கும்போது அது முழு அமைப்பு, தானே எசமான். மேலே தொடரையும் கால்வாயையும் பார்க்கும்போது அது ஓர் உறுப்பு மட்டுமே. ஆர்தர் கோஸ்லர் என்ற எழுத்தாளர் 1967-இல் இத்தகைய இருமுகப் பொருள்களுக்கு "ஹோலான்" என்று பெயர் சூட்டினார். பெயர் எதுவானாலும், ஒரு முகத்தை மறந்து மறு முகத்தோடு மட்டும் நடந்துகொள்ளும்போதுதான் தகராறு வருகிறது.

கலுங்கை உயர்த்துவது இதற்கு நல்ல உதாரணம். மழை முடியும் தறுவாயில் கலுங்குக் கற்களுக்கிடையே மண்ணும் புல்கரணையும் வைத்து அரை அடி நீரைக் கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். எப்போது வைக்கலாம், எப்போது எடுக்கவேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் உடன்பாடு இருந்தது. அந்த உடன்பாட்டை மறந்து சில இடங்களில் சிமெண்டால் நிரந்தரமாக உயர்த்திவிடுகிறார்கள். தன் ஆயக்கட்டை மட்டும் பார்த்தால் இது லாபம். ஆனால் கண்மாயின் உள்வாயை ஒட்டியுள்ள மேல் நிலங்கள் மூழ்கும். கீழ்க் கண்மாய்க்கு மறுகால் தாமதமாகும் அல்லது வராமலே போகும். பெருமழை வந்தால் கரை தாங்காது. மேல் கண்மாய் உடைந்தால் அதன் வெள்ளம் முழுவதும் ஒரே நேரத்தில் அடுத்த கண்மாயில் விழும், அதுவும் உடையும். தொடர் என்பது நல்ல காலத்தில் நீரைக் கைமாற்றுவது போலவே, கெட்ட காலத்தில் உடைப்பையும் கைமாற்றும்.

பழுது மூட்டில்தான்

மாட்டு வண்டியில் முதலில் தேய்வது கடையாணியும் அச்சும்தான். பாரச் சட்டம் அல்ல. பாசன அமைப்பிலும் அப்படியே. ஒரு அடுக்கு அடுத்த அடுக்கோடு சேரும் இடங்கள்தான் முதலில் கெடுகின்றன. கால்வாயும் கண்மாயும் சேரும் இடம் வரத்துக்கால். கண்மாயும் கண்மாயும் சேரும் இடம் கலுங்கும் மறுகால் ஓடையும். கண்மாயும் வயலும் சேரும் இடம் மடை. இவற்றுக்கு உரிமை கொண்டாட ஒருவரும் இல்லை என்பதுதான் காரணம். கண்மாய் நம் ஊருடையது; வயல் நம்முடையது; இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் மறுகால் ஓடை யாருடையது?

தூர்வாருதல் என்றாலே கண்மாயின் நடுவில் மண் அள்ளுவது என்று ஆகிவிட்டது. அள்ளிய வண்டலும் கரம்பையும் வயலுக்கு நல்லதுதான். மணல் கலந்த செம்மண் நிலத்துக்கு மிகவும் நல்லது. ஆனால் வரத்துக்கால் சீமைக்கருவேல் மண்டி அடைபட்டுக் கிடக்க, கண்மாயை மட்டும் இரண்டடி ஆழப்படுத்தினால் காலிப் பானையைப் பெரிதாக்கியது போலாகும். அத்துடன் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீர் மடை வழியே வயலுக்கு ஏறி வராது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான் உதவும். ஆகவே கையில் இருக்கும் பணம் குறைவானால் முதல் செலவு வரத்துக்காலுக்கு, அடுத்தது மடைக்கும் கலுங்குக்கும், மிஞ்சினால் கண்மாயின் உள்வாய்க்கு என்று வைத்துக்கொள்வதே சரி. 2017 முதல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே வேலைகளை எடுத்து நடத்தியபோதும், இந்த வரிசை மாறிப்போன இடங்களில் பலன் குறைவாகவே இருந்தது.

மூட்டைக் காக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் அவர் பெயர் வேறு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை பார்ப்பதும் அவர் வேலை. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள். அவருக்குச் சொந்த வயல் கொஞ்சமாகவோ இல்லாமலோ இருந்ததால், பாரபட்சமின்றி இருக்க முடிந்தது. கிணறு வைத்திருப்பவர்கள் "எனக்கு மடைத் தண்ணீர் வேண்டாம்" என்று அளப்பை நிறுத்தினார்கள். அவர் பிழைப்புக்கு வேறு வேலை தேடிப் போனார். இன்று மடையடியில் நடக்கும் சண்டைகளில் பாதி, அவர் இடம் காலியாகக் கிடப்பதால் வருபவை.

கிணறும் கண்மாயின் பிள்ளைதான்

கிணறு வைத்திருப்பவர் தாம் கண்மாய் அமைப்புக்கு வெளியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். ஆயக்கட்டுக்குள் இருக்கும் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வருகிறது? கண்மாயில் நீர் நிற்கும் மாதங்களில் கிணற்று மட்டம் ஏறுவதையும், கண்மாய் வற்றியபின் இறங்குவதையும் கயிறு விட்டு அளந்து பார்த்தாலே தெரியும். வசதியுள்ள பத்துப் பேர் கிணற்றை நம்பிக் கண்மாய் மராமத்துக்கு வராமல் இருந்தால், மற்ற அறுபது பேரும் மெல்ல மெல்லக் கைவிடுவார்கள். கண்மாய் தூர்ந்துபோகும். சில ஆண்டுகளில் அந்தப் பத்துக் கிணறுகளும் ஆழப்படுத்த வேண்டிய நிலைக்கு வரும். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் அடுத்தவர் கிணற்றின் ஊற்றை இழுக்கிறாரே தவிரப் புது நீர் எதையும் படைப்பதில்லை.

மேல் அடுக்கில் செய்யும் நல்ல வேலைகூடக் கீழே வேறு விளைவைத் தரும். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் உலக வங்கிக் கடனுதவியுடன் பெரியாறு வைகைப் பாசனத் திட்டம் சீரமைக்கப்பட்டபோது கால்வாய்களுக்குச் சிமெண்டுத் தளம் போடப்பட்டது. கசிவு குறைந்து நீர் தூரம் போயிற்று. கடைமடைக்கு அது நன்மை. ஆனால் அந்தக் கசிவையே ஊற்றாக நம்பியிருந்த கால்வாயோரக் கிணறுகளுக்கு அது நன்மையன்று. கால்வாயின் கணக்கில் நஷ்டம் என்று எழுதப்பட்ட நீர், கிணற்றின் கணக்கில் வரவாக இருந்தது. எந்த அடுக்கில் நின்று கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வரவும் செலவும் மாறும்.

மாநகரமும் ஆயக்கட்டே

பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரைக்கு "மாடக்குளக்கீழ் மதுரை" என்ற பெயர் காணப்படுகிறது. மாடக்குளக் கண்மாயின் கீழ் அமைந்த மதுரை என்பது பொருள். தலைநகரத்துக்கே ஒரு கண்மாயைச் சொல்லித்தான் விலாசம் தந்திருக்கிறார்கள். இன்று அந்த விலாசம் மறந்துபோயிற்று. உலகனேரிக் கண்மாய் இருந்த பகுதியில் உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் நடக்கிறது. நகருக்குள் இருந்த கண்மாய்கள் பல பெயரளவில்தான் உள்ளன. 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர்க் கண்மாயின் நீரும் பந்தல்குடிக் கால்வாயின் நீரும் வீதிகளில் புகுந்தன. கண்மாயிலிருந்து ஆற்றுக்குப் போகும் மூட்டு குறுகியதன் விளைவு அது. நகர மக்கள் அதை வெள்ளம் என்றார்கள். கண்மாய்க்காரர் கண்ணுக்கு அது வழி தவறிய மறுகால்.

நகரத்தை ஒட்டிய கிராமங்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. மேலே ஒரு மனைப்பிரிவு வரத்துக்காலை மறித்தால், கீழே பல வயல்களின் வரத்து நின்றுபோகும். மனை விற்கும் முன்பே கிராம வரைபடத்தைப் பார்த்து ஓடைப் புறம்போக்கைச் சுட்டிக்காட்டி எழுதிக்கொடுப்பது, பிறகு வழக்காடுவதைவிடச் சுலபம்.

எந்த வேலை எந்த அடுக்குக்கு?

பொதுச் சொத்துக்களைப் பயன்படுத்துவோர் எப்படித் தாங்களே நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1990-இல் நூல் எழுதி, 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், நெடுநாள் நிலைத்த பாசனச் சங்கங்களில் ஒரு பொதுத்தன்மையைக் கண்டார். பெரிய அமைப்பாக இருந்தால், சிறு சங்கங்கள் பெரிய சங்கத்துக்குள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் என்பதே அது. அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்தது. ஒன்பது ஊர்ச் சங்கங்கள் ஒரே ஆற்றின் குறுக்கே தழை, மூங்கில், மணல் கொண்டு அணை கட்டுகின்றன. வெள்ளத்தில் அது ஆண்டுக்குச் சில முறை அடித்துப் போகும்; மறுபடி கட்டுவார்கள். அணை வேலை ஒன்பது சங்கத்துக்கும் பொது. வயல் முறையை அந்தந்தச் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஒன்றின் வேலையில் மற்றது தலையிடுவதில்லை.

நம் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டமும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், பகிர்மானக் குழு, திட்டக் குழு என மூன்று அடுக்கு வகுத்துள்ளது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை கண்மாய்தோறும் வயலகச் சங்கம் அமைத்து, அவற்றைத் தொடர் வாரியாகவும் கூட்டமைப்பாகவும் இணைத்து வந்திருக்கிறது. அடுக்கு வகுத்தது சரியே. ஆனால் அரசு நிர்வாகத்தில் ஒரு குறை பழைய காலத்திலிருந்து தொடர்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய் முன்பு பொதுப்பணித் துறையிடமும், 2021 முதல் அதிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையிடமும் இருக்கிறது; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். தண்ணீர் நூறு ஏக்கர் கணக்குப் பார்த்து ஓடுவதில்லை. ஒரே தொடரில் மேலே ஒன்றியக் கண்மாய், நடுவில் துறைக் கண்மாய், கீழே மறுபடி ஒன்றியக் கண்மாய் என்று இருந்தால், ஒரு ஆண்டில் நடுக் கண்மாய் மட்டும் சீராகும். அதன் வரத்து அப்படியே கிடக்கும். இதை அதிகாரிகள் மாற்றும்வரை காத்திராமல், மூன்று ஊராரும் ஒரே மனுவாக இரண்டு அலுவலகத்துக்கும் கொடுப்பது பலன் தரும்.

அடுக்குகளின் வேகமும் ஒன்றல்ல. வயல் நான்கு நாளில் காய்கிறது. மடை முறை ஒரு வாரத்தில் சுற்றி வருகிறது. கண்மாய் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ நிரம்புகிறது. வரத்துக்கால் தூர்வதற்குப் பத்து ஆண்டு பிடிக்கும். மலைச் சுரங்கம் நூற்றிருபது ஆண்டுக்கு மேலாக அப்படியே இருக்கிறது. வேகமான அடுக்கில் நேர்ந்த பழுதை வேகமாகத் தீர்க்கலாம். மெதுவான அடுக்கில் பத்தாண்டாகச் சேர்ந்த பழுதைப் பயிர் வாடும் வாரத்தில் தீர்க்க முடியாது. அந்த வாரத்தில் செய்யக்கூடியது முறை வைத்துப் பகிர்வது ஒன்றே.

முக்கால் ஏக்கர்க்காரர் பழுதைத் தேடவேண்டிய வழியும் இதிலிருந்து தெரிகிறது. தம் வாய்க்காலில் தலைமடை வயல்கள் நிறைந்து, கடைமடைகள் மட்டும் காய்ந்தால் பழுது மடை முறையில்; நீர்க்கட்டியும் ஊர்க்கூட்டமும் அதைத் தீர்க்கவேண்டும். ஒரு மடையின் நிலமெல்லாம் காய்ந்து அடுத்த மடை நிலம் பசுமையாக இருந்தால் பழுது மடையில் அல்லது மேடு பள்ளத்தில். கண்மாய் முழுவதும் வற்றி மேல் கண்மாய் நிறைந்திருந்தால் பழுது கலுங்கில் அல்லது ஓடையில். ஒரு ஊர் மட்டும் கூடிப் பயனில்லை. தொடர் முழுவதும் வற்றியிருந்தால் கிளைக்காலுக்குப் போகவேண்டும். கிளைக்கால்கள் எல்லாம் வற்றினால்தான் அணையைப் பற்றிப் பேசவேண்டும். பெரும்பாலும் முதலிலேயே அணையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

ஒருபோகப் பகுதிக்கு வழக்கமான திறப்பு நாள் செப்டம்பர் 15. அணையில் நீர் குறைவானால் தள்ளிப்போகும். அதற்கு முன் ஆகஸ்டில் ஒரு நாள், தொடரில் மேல் கண்மாய், கீழ்க் கண்மாய் இரண்டு ஊரிலிருந்தும் ஐந்தைந்து பேர் சேர்ந்து மறுகால் ஓடையை முழு நீளமும் நடந்து பார்க்கலாம். மண்வெட்டி, அரிவாள், கிராம வரைபட நகல் ஆகியவை உடன் வேண்டும். எங்கே மேடிட்டிருக்கிறது, எங்கே கருவேல் மறிக்கிறது, எந்தப் பாலத்தின் குழாய் அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, கையால் ஆகக்கூடியதை அன்றைக்கே வெட்டிவிடலாம். பொக்லைன் வேண்டியதை எழுதி இரு அலுவலகங்களுக்கும் அந்த வாரமே கொடுக்கவேண்டும். மடைப் பலகையும் திருகும் சரியாக இருக்கின்றனவா என்று கண்மாய் காய்ந்திருக்கும்போதே பார்த்துவிடுவது அவசியம். நீர் ஏறியபின் பார்க்க முடியாது. நீர்க்கட்டியாக இருக்க ஊரில் ஒருவர் ஒப்புக்கொண்டால், ஏக்கருக்கு இத்தனை மரக்கால் என்று கிணறு உள்ளவர், இல்லாதவர் இருவரிடமும் வசூலிப்பதை நாற்றுவிடும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.